மூடிய மலையில் ஏழு பேர்: ஆல்பைன் மெடோஸ், 1982

1982 மார்ச் 31, புதன்கிழமை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், டாஹோ ஏரிக்கு வடமேற்கே இருக்கும் ஆல்பைன் மெடோஸ் பனிச்சறுக்கு மையம் அன்று மூடிக் கிடந்தது. சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் ஓடவில்லை. டிக்கெட் விற்கவில்லை. நாலு நாளாக விடாத புயல். பிற்பகல் 3:45 அளவில் மையத்துக்கு மேலிருந்த சாய்வுகளிலிருந்து பனி பெயர்ந்து வந்து அடிவாரக் கட்டடத்தை நொறுக்கியது; லிஃப்டைச் சிதைத்தது; வாகன நிறுத்துமிடத்தை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள்.

பனிச்சரிவு விபத்துகளில் வழக்கமாக ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும். எச்சரிக்கை இருந்தது, யாரோ அதை மீறினார்கள், போனவர்கள் திரும்பவில்லை. இந்த நிகழ்வு அதில் சேராது. அபாயம் இருப்பது நிர்வாகத்துக்குத் தெரியும். தெரிந்ததால்தான் மலையை மூடினார்கள். அன்று மையம் திறந்திருந்தால் எத்தனை பேர் அங்கே நின்றிருப்பார்கள் என்று யோசித்தால், மூடிய முடிவு பல உயிர்களைக் காத்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் மூடிய மலைக்கும் காலியான மலைக்கும் வித்தியாசம் உண்டு. மூடிய மலையில் ஊழியர்கள் இருப்பார்கள். அவர்கள் இருக்கும் கட்டடம் எங்கே நிற்கிறது என்ற கேள்விதான் இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன்.

மலையும் புயலும்

ஆல்பைன் மெடோஸ் 1961-இல் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் பனிச்சரிவு அதிகம் நடக்கும் சறுக்கு மையங்களைப் பட்டியல் போட்டால் அது கட்டாயம் இடம்பெறும். மையத்துக்கு ஏறும் ஒற்றைச் சாலைகூடச் சரிவுப் பாதைகளின் கீழேதான் போகிறது. எனவே அங்கே வேலை பார்த்தவர்களைக் கற்றுக்குட்டிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெடிவைத்துப் பனியை இறக்குவது அங்கே குளிர்கால அன்றாட வேலை.

சியராவின் பனி பசிபிக்கிலிருந்து வருவது. கடல் ஈரத்தைச் சுமந்து வரும் மேகம் மலைச்சுவரில் மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டும். கொட்ட ஆரம்பித்தால் ஒரே நாளில் ஓர் ஆள் உயரம் விழுவதும் உண்டு. பனியும் கனமாக இருக்கும். ராக்கி மலைகளின் உலர்ந்த, லேசான பனி போலல்ல. இதில் ஒரு நன்மை உண்டு. கடலோர மலைகளின் பனிச்சரிவுகள் பெரும்பாலும் புயலின்போதோ, அது ஓய்ந்த ஓரிரு நாளுக்குள்ளோ நடந்து முடிந்துவிடும். பனி சீக்கிரம் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். கொலராடோ போன்ற உள்நாட்டு மலைகளில் குளிர்காலத் தொடக்கத்தில் அடியில் உருவாகும் பலவீனமான அடுக்கு மாதக்கணக்கில் புதைந்திருந்து பழிவாங்கும். சியராவில் அது அபூர்வம். ஆகவே சியராக்காரர்களின் அனுபவ அறிவு இது: புயல் அடிக்கும் வரை தள்ளி இரு, ஓய்ந்ததும் வெடிவை, பிறகு திற. நல்ல விதிதான். ஆனால் 1982 மார்ச் இறுதியில் புயல் ஓய மறுத்தது.

மார்ச் 27 முதல் 31 வரை விழுந்த புதுப்பனி ஏழு அடிக்கும் மேல். அடிக்கணக்கு கேட்க பிரமிப்பாக இருக்கும், ஆனால் சாய்வுக்கு உயரம் தெரியாது, எடைதான் தெரியும். கொஞ்சம் கணக்குப் போடலாம். புதுப்பனி 2.2 மீட்டர், அதன் அடர்த்தி நீரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், சாய்வின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் நாலே நாளில் 220 கிலோ ஏறியிருக்கிறது. சியராவின் மார்ச் மாதப் பனிக்கு இந்த அடர்த்தி குறைந்தபட்ச மதிப்பீடுதான்.

இது வானத்திலிருந்து விழுந்தது மட்டும். காற்று கொண்டுவந்தது தனி. முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து பனியைச் சுரண்டி மறுபக்கத்தில் கொட்டும் காற்று, வானத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஒரு சாய்வில் சுமையேற்றும். அடிவாரத்து அளவுகோலில் இரண்டு அடி காட்டும் இரவில் முகட்டுக்குக் கீழே ஆறு அடி சேர்ந்திருக்கலாம். சறுக்கு மையத்தின் இணையதளத்தில் காலையில் போடும் பனி உயரத்தைப் பார்த்துக் குஷியாகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அந்த எண் அளவுகோல் நட்ட இடத்துக்கு மட்டுமே சொந்தம்.

விடியுமுன் நடக்கும் வேலை

மலையின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரோந்துக் குழுவின் நாள் இருட்டிலேயே தொடங்கும். காற்று மறைவான இடத்தில் வெள்ளை அடித்த சிறு மரப்பலகை ஒன்று வைத்திருப்பார்கள், நடுவில் அளவுக்கோலோடு. கடைசியாகத் துடைத்ததற்குப் பிறகு அதன்மேல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கிப் பனியை உருளையாக வெட்டியெடுத்து எடை போடுவார்கள். அந்த எடையிலிருந்துதான் எவ்வளவு நீர் விழுந்தது என்பது தெரியும். அதோடு இரவு முழுக்கப் பதிவான காற்றின் திசை, வேகம், வெப்பநிலை ஏறியதா இறங்கியதா என்பதும் சேரும். மணிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் பனி விழுகிறதா என்பது பழைய, இன்றும் மதிக்கப்படும் எச்சரிக்கைக் கோடு. குளிரில் தொடங்கி வெதுவெதுப்பாக முடியும் புயல் இன்னும் மோசம்: லேசான பனிக்குமேல் கனமான பனி உட்கார்ந்துவிடும்.

பனி பாளமாக உடைவதற்கு மூன்று வேண்டும்: மேலே ஒட்டி இறுகிய பாளம், அதற்கடியில் பலவீனமான அடுக்கு, முப்பதிலிருந்து நாற்பத்தைந்து பாகை வரையான சாய்வு. இதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி சேருமுன்னே உதிர்ந்துகொண்டிருக்கும்; இதைவிடத் தட்டையாக இருந்தால் பெரும்பாலும் நகராது. சறுக்குபவர்களுக்குப் பிடித்த சாய்வும் கிட்டத்தட்ட இதே பாகைதான் என்பது இந்தத் தொழிலின் தீராத தலைவலி.

வெடிவைப்பதன் தத்துவம் எளிது. பெரிதாகச் சேருமுன் சிறிதுசிறிதாக இறக்கிவிடு. இருவர் இருவராக முகட்டோரம் போய், திரி பற்றவைத்த குண்டைச் சாய்வில் எறிந்து ஒதுங்குவார்கள். ஆள் போக முடியாத இடத்துக்கு ராணுவம் கைவிட்ட பீரங்கி. இந்தத் தத்துவத்தின் பலவீனம், இது இடைவிடாமல் நடந்தால்தான் பலிக்கும் என்பது. புயல் உச்சத்தில் இருக்கும்போது முகட்டுக்குப் போவதே தற்கொலை. கண்ணுக்கு எதுவும் தெரியாது, சுட்டது எங்கே விழுந்தது என்றும் தெரியாது. எந்த நேரத்தில் வேலை மிக அவசியமோ, அந்த நேரத்தில்தான் அது தடைப்படுகிறது. இன்னொன்று: குண்டு வெடித்தும் சாய்வு அசையவில்லை என்றால் அது உறுதியாக இருக்கிறது என்று அர்த்தமாகாது. குண்டு விழுந்த இடத்தில் அந்த நிமிடம் உடையவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் சுமை ஏறிக்கொண்டே இருக்கும்.

மூன்று பாதை, ஒரே உடைப்பு

அடிவாரக் கட்டடத்துக்கு மேலே பட்ரஸ், பாண்ட், போமா ராக்ஸ் என்று பெயரிட்ட சாய்வுகள் அடுத்தடுத்து இருந்தன. ஒவ்வொன்றும் தெரிந்த சரிவுப் பாதை. ஒவ்வொன்றும் எப்போது விழும், எவ்வளவு தூரம் வரும் என்பதெல்லாம் அனுபவத்தில் இருந்தது. 31-ஆம் தேதி பிற்பகல் மூன்றும் சேர்ந்து உடைந்தன. உடைந்த கோடு ஏறத்தாழ அரை மைல் நீளம்.

தனித்தனியாக விழும் மூன்று பாதைகளும் சேர்ந்து விழும் மூன்று பாதைகளும் ஒன்றல்ல. பாளத்தில் விரிசல் ஓர் இடத்தில் தொடங்கினால், கீழேயுள்ள பலவீனமான அடுக்கு தொடர்ச்சியாக இருக்கும்வரை அது பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணப் புயலில் இரண்டு சாய்வுகளுக்கு நடுவே பாறை முதுகோ, மரத்திட்டோ, முன்பு விழுந்து வெறுமையான பகுதியோ விரிசலை நிறுத்திவிடும். ஏழடிப் புதுப்பனியில் அந்த முதுகுகளே புதைந்துவிடும். வரைபடத்தில் எல்லையாகத் தெரிந்தது, தரையில் எல்லையாக இல்லை.

எவ்வளவு பனி வந்திருக்கும் என்பதற்கு மீண்டும் அந்தத் தோராயக் கணக்கு. அரை மைல் அகலம், சாய்வின் நெடுக்கில் நூறே நூறு மீட்டர், சதுர மீட்டருக்கு 220 கிலோ. பதினேழாயிரம் டன்னைத் தாண்டுகிறது, வழியில் அள்ளிக்கொண்டதைச் சேர்க்காமலே. பனிச்சரிவின் அழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் (சதுர மீட்டருக்குச் சுமார் நூறு கிலோ எடை) இருந்தால் ஜன்னல் உடையும். ஐந்து இருந்தால் கதவு உள்ளே தள்ளப்படும். முப்பதில் மரச்சட்டக் கட்டடம் தரைமட்டம். இவை பொறியாளர்கள் பயன்படுத்தும் பொது அளவுகள். பெரிய சரிவுக்கு இந்த முப்பது பெரிய எண்ணே அல்ல.

அடிபட்ட அடிவாரக் கட்டடத்தின் பெயர் சம்மிட் டெர்மினல். லிஃப்டின் கீழ்முனை, ரோந்துக் குழுவின் தலைமையிடம், ஊழியர்களின் உடைமாற்று அறை எல்லாம் அங்கேதான். புயல் நேரத்தில் மலையை நிர்வகிப்பவர்கள் கூடும் இடம் அதுதான். வானொலித் தொடர்பு அங்கிருந்துதான் நடக்கும். இறந்தவர்களில் மலை மேலாளரும் ஒருவர். பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் வெளியே இருந்த ரோந்துக்காரர் ஒருவர், சரிவு வருவதை வானொலியில் கத்திச் சொல்லிவிட்டு அதிலேயே அகப்பட்டார். வாகன நிறுத்துமிடத்தைக் கடந்து நடந்துகொண்டிருந்த மூன்று விருந்தினர்களும் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி சிறுமி. கட்டடத்துக்குள் இருந்த சிலர் இடிபாட்டிலிருந்து உயிரோடு வெளியே வந்தார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். 'இந்தச் சாய்வு இன்று விழுமா?' என்ற கேள்வியை அந்தக் குழு நாள் முழுக்கக் கேட்டது, அதற்குச் சரியான பதிலையும் வைத்திருந்தது. 'விழுந்தால் எவ்வளவு தூரம் வரும்?' என்ற கேள்விக்கான பதில்தான் பழைய அனுபவத்திலிருந்து எடுத்தது. இருபது ஆண்டு வயதான ஒரு மையத்தின் நினைவில், நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சரிவு இருக்க வாய்ப்பே குறைவு.

வினோதம் என்னவென்றால், அந்த இரண்டாவது கேள்விக்கு முறையான கருவி அப்போதுதான் உருவாகியிருந்தது. 1980-இல் நார்வேயில் லீட், பாக்கெஹோய் என்ற இருவர் பல சரிவுகளின் அதிகபட்ச எல்லைகளை அளந்து ஒரு புள்ளிவிவர முறையை வெளியிட்டார்கள். சாய்வு பத்து பாகைக்குக் குறையும் இடத்தைக் குறித்துக்கொள். அங்கிருந்து உடையும் இடத்தை நோக்கினால் வரும் கோணத்தை எடு. அதிலிருந்து மிகப் பெரிய சரிவு எங்கே போய் நிற்கும் என்று கணிக்கலாம். ஒரு மையத்தின் நினைவை நம்பாமல் நிலத்தின் வடிவத்தை நம்பும் முறை. பனி ஓடிவந்து நிற்கும் தட்டை நிலம்தான் கட்டடம் கட்டவும் வண்டி நிறுத்தவும் வசதி என்பதால், உலகம் முழுக்க மலையடிவாரங்களில் இந்த மோதல் இருக்கிறது.

117 மணி நேரம்

பனியில் முழுதும் புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரைமணி தாண்டினால் அது மூன்றில் ஒன்றாகச் சரிகிறது. பெரும்பாலும் கொல்வது குளிரல்ல, மூச்சுத் திணறல். நின்றதும் பனி சிமென்ட் போல் இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் ரேடியோ கருவியான டிரான்ஸீவர், சறுக்குபவர்கள் கட்டிக்கொள்வது, 1982-இலும் இருந்தது. ஆனால் அலுவலகக் கட்டடத்துக்குள் அதை யார் கட்டிக்கொண்டு உட்காருவார்கள்?

உடைமாற்று அறையில் அகப்பட்ட இருபத்திரண்டு வயதுப் பெண் ஊழியர் இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கினார். சாய்ந்த லாக்கர் அலமாரிகள் ஒரு பெஞ்சின்மேல் விழுந்து தாங்கி நின்றதில், ஆள் படுக்கும் அளவுக்கு இடுக்கு ஒன்று உண்டாயிற்று. மூச்சு விடக் காற்று இருந்தது. பனியைத் தின்று உயிர் பிடித்திருந்தார்.

மேலே மீட்புக் குழுவின் நிலை இக்கட்டானது. புயல் ஓயவில்லை, சாய்வில் மீண்டும் பனி சேர்ந்தது. மீட்பவர்கள் நிற்கும் இடமே அடுத்த சரிவின் பாதை. அபாயம் கூடும்போதெல்லாம் அவர்களைத் திருப்பி அழைக்க வேண்டியிருந்தது. உள்ளே யாரோ உயிரோடு இருக்கலாம் என்ற நினைப்போடு ஆட்களைப் பின்வாங்கச் சொல்வது எவ்வளவு கொடுமையான முடிவு! ஆனாலும் சரியான முடிவு. இரண்டாவது சரிவு மீட்புக் குழுவைக் கொன்ற நிகழ்வுகள் மலை வரலாற்றில் நிறைய.

பிரிஜிட் என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் இடிபாட்டில் ஓர் இடத்தில் மோப்பம் பிடித்துக் காட்டியது. உடனே தோண்டி முடிக்க வானிலை விடவில்லை. ஏப்ரல் 5 பிற்பகலில் அந்தப் பெண்ணை எட்டினார்கள். புதைந்து 117 மணி நேரம் ஆகியிருந்தது. பனிக்கடியால் வலதுகால் முழங்காலுக்குக் கீழும், இடது பாத விரல்களும் போயின. பின்னாளில் அவர் மறுபடியும் சறுக்கினார். வட அமெரிக்காவில் பனிச்சரிவில் புதைந்தவரை நாய் உயிரோடு கண்டுபிடித்தது அதுவே முதல்முறை.

இதை அற்புதம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். மீட்புக்காரர்கள் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள்: கட்டடத்தில் புதைந்தவர்களுக்குப் பதினைந்து நிமிட விதி பொருந்தாது. மேசை, உத்தரம், அலமாரி எதுவும் ஒரு காற்றறையைக் காத்திருக்கலாம். ஆகவே கட்டடத் தேடலை மட்டும் சீக்கிரம் கைவிடுவதில்லை.

வழக்கும் பிறகும்

இறந்தவர்களின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் அலட்சியமாக இருக்கவில்லை என்று நடுவர் குழு முடிவு சொன்னது. அன்றைய அறிவுக்கும் வழக்கத்துக்கும் உட்பட்டு அவர்கள் கவனமாக நடந்தார்களா என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. அதற்கு அந்தப் பதில் நியாயமானதே. கட்டடம் அங்கே நின்றிருக்க வேண்டுமா என்பது பொறியியலின் கேள்வி. அதற்குத் தீர்ப்பில் விடை தேடிப் பயனில்லை.

இதே மலைப்பகுதியில் பிற்காலத்தில் நடந்தவை வேறு வகை. 2020 ஜனவரி 17 அன்று ஆல்பைன் மெடோஸிலும், 2024 ஜனவரி 10 அன்று பக்கத்துப் பள்ளத்தாக்கின் கேடி-22 சாய்விலும் தலா ஒருவர் இறந்தார்கள். இரண்டுமே மையத்தின் எல்லைக்குள், திறந்திருந்த நேரத்தில். கேடி-22-இல் அந்தப் பருவத்தில் முதன்முறையாக லிஃப்ட் ஓடத் தொடங்கி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அங்கே கேள்வி மறுபடியும் பழையது: விழுமா? ரோந்து முடிந்த, குண்டு வைத்த சாய்விலும் மீதி அபாயம் இருக்கிறது என்பதை டிக்கெட் வாங்குபவர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை.

மற்ற மலைகள்

'எவ்வளவு தூரம்?' என்ற கேள்வியில் தவறியது ஆல்பைன் மெடோஸ் மட்டுமல்ல. 1970 பிப்ரவரி 10 காலையில் பிரான்சின் வால் தீசேரில் விடுதி ஒன்றைப் பனிச்சரிவு தாக்கி 39 பேர் இறந்தார்கள். பிரான்ஸ் அபாய வரைபடங்களைத் தீவிரமாகத் தயாரிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்டூர் கிராமத்தில், வரைபடத்தில் பாதுகாப்பான பகுதி என்று குறித்திருந்த வீடுகள் வரை சரிவு வந்தது. 31 பேர் இறந்தார்கள். மறுநாள் பக்கத்திலுள்ள வால்சூரில் இன்னும் ஏழு பேர். சாலை மூடியதால் சுற்றுலாப் பயணிகள் நாள்கணக்கில் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். வீட்டுக்குள் இருப்பதுதான் பத்திரம் என்று எல்லோரும் நம்பினார்கள். அதன் பிறகு ஆஸ்திரியா, அபாய வரைபடத்தில் மிக ஆபத்தான பகுதியைக் குறிக்கும் சிவப்பு மண்டலத்துக்கான அழுத்த வரம்பை 25 கிலோபாஸ்கலிலிருந்து 10-க்கு இறக்கியது. சாய்வின் உச்சியில் எஃகுத் தடுப்புகளும், ஊரோரம் பெரிய காப்புச்சுவரும் வந்தன.

இவற்றோடு ஒப்பிட யூட்டாவின் ஆல்டா சுவாரசியமானது. அபாயம் மிகும்போது அங்கே ஆட்களை வெளியேற்றுவதில்லை. வெளியேறும் சாலையே சரிவுப் பாதைகளைக் கடந்துதான் போகிறது. அதற்குப் பதில் 'இன்டர்லாட்ஜ்' என்ற உத்தரவு போடுவார்கள். உத்தரவு நீங்கும்வரை எல்லோரும் கட்டடத்துக்குள்தான். வாசலில் நின்று சிகரெட் பிடிப்பதும் கூடாது, மீறினால் சட்டப்படி குற்றம். 2021 பிப்ரவரியில் இது ஏறக்குறைய அறுபது மணி நேரம் நீடித்தது. இந்த உத்தரவுக்குப் பொருள் இருப்பது, அங்குள்ள விடுதிகள் பனியின் அழுத்தத்தைத் தாங்கும்படி கான்கிரீட்டில் கட்டப்பட்டதால்தான். அபாயம் இன்னும் கூடினால் அடுத்த கட்டம்: கட்டடத்துக்குள்ளேயே மலையைப் பார்த்த அறைகளைக் காலி செய்து, முன்பே குறித்துவைத்த பாதுகாப்பான பகுதிக்கு எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். விருந்தினர், சமையல்காரர், மேலாளர் என்று யாருக்கும் இதில் விலக்கு கிடையாது.